டால் யூனிட்டில் பில்ட்-இன் ஓவன்: அலமாரி செய்வதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையலறை வேலை எடுத்துச் செய்பவர்களிடம் பில்ட்-இன் ஓவன் பற்றி வரும் கேள்விகளில் முக்கால்வாசி, அலமாரி முடிந்த பிறகுதான் வருகின்றன. ஓவன் வந்துவிட்டது, உள்ளே போகவில்லை. அல்லது உள்ளே போய்விட்டது, ஆறு மாதத்தில் பக்கத்து ஷட்டர் (அலமாரிக் கதவு) உரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டையும் பிளைவுட் அறுப்பதற்கு முன்பே தவிர்த்திருக்கலாம். இங்கே பேசுவது 60 செ.மீ. வகை மின்சார ஓவனை, தரையிலிருந்து ஏழடி நிற்கும் டால் யூனிட்டுக்குள் பதிப்பது பற்றி. அளவுகளை மில்லிமீட்டரில் தந்திருக்கிறேன். ஆசாரி அங்குலத்தில் கேட்டால் 25.4 ஆல் வகுத்துச் சொல்லுங்கள். "சுமாராக இரண்டடி" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முதலில் ஓவன் வாங்குவதா, அலமாரி செய்வதா?

ஓவன். குறைந்தபட்சம், எந்த மாடல் என்று முடிவு செய்து அதன் பொருத்தும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிராண்டுகள் தங்கள் தளத்தில் மாடல் எண் போட்டாலே அந்தத் தாளைத் தருகின்றன. அதில் ஓவனின் அளவு, அது உட்காரும் பொந்தின் அளவு, காற்றுக்கு எங்கே எவ்வளவு இடைவெளி, வயர் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று எல்லாம் படமாக இருக்கும். இரண்டு பிரின்ட் எடுத்து ஆசாரியிடம் ஒன்று, எலக்ட்ரீஷியனிடம் ஒன்று கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பட்டறையில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கீழே உள்ள எண்கள் பெரும்பாலான 60 செ.மீ. ஓவன்களுக்குப் பொருந்தும். உங்கள் மாடலின் தாள் வேறு சொன்னால் அதுதான் கணக்கு.

'60 செ.மீ. ஓவன்' என்றால் அலமாரியின் உள்ளகலம் 60 செ.மீ. விட வேண்டுமா?

கூடாது. அதிகமாகச் சொதப்புவது இங்கேதான். 60 என்பது அலமாரியின் வெளியகலம். ஓவனின் முகப்புக் கண்ணாடி ஏறக்குறைய 595 மி.மீ. அகலம், அதற்குப் பின்னால் உள்ள உடம்பு அதைவிடக் குறுகல். உடம்பு உள்ளே போகும், முகப்பு இரண்டு பக்கப் பலகைகளின் விளிம்பையும் மூடிக்கொண்டு வெளியே நிற்கும். அதற்காகப் பொந்தின் உள்ளகலம் 560 முதல் 568 மி.மீ. வரை இருக்க வேண்டும். 600 விட்டால் முகப்பு எதன் மேலும் உட்காராது, திருகு போட இடமும் கிடைக்காது.

சரி, 600 வெளியகலம் வைத்து 18 மி.மீ. பலகை போட்டால் உள்ளே 564 வந்துவிடுமே என்று தோன்றும். ஃபாக்டரியில் செய்து வரும் பலகையில் வரும். நம் ஊரில் பிளைவுட் வாங்கி, வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளே 0.8 மி.மீ. லைனர் (உட்புறம் ஒட்டும் மெல்லிய தாள்) ஒட்டினால் ஒரு பக்கம் 19.8 ஆகிறது. இரண்டு பக்கமும் கழித்தால் மிச்சம் 560.4. பசையின் கனம், பலகையின் லேசான வளைவு எல்லாம் சேர்ந்தால் ஓவன் பாதி வழியில் நின்றுவிடும். 19 மி.மீ. பிளைவுட் என்றால் கேட்கவே வேண்டாம், 558-க்கு வந்துவிடும்.

ஆகவே கணக்கை உள்ளிருந்து வெளியே போடச் சொல்லுங்கள். மைக்கா ஒட்டி முடித்த பிறகு உள்ளே 564 இருக்க வேண்டும். வெளியகலம் 604 ஆனாலும் பரவாயில்லை. முகப்பின் இருபுறமும் நாலைந்து மி.மீ. பலகை விளிம்பு தெரியும். எட்ஜ் பேண்ட் (பலகை விளிம்பில் ஒட்டும் பட்டை) நிறம் சரியாக இருந்தால் யார் கண்ணிலும் படாது.

ஏற்கெனவே 600 உள்ளகலத்தில் செய்துவிட்டார்கள். இப்போது என்ன?

நல்ல வேளை, பெரிதாகச் செய்ததைச் சிறிதாக்கலாம். பொந்தின் இரு பக்கமும் முழு ஆழத்துக்கு 18 மி.மீ. பிளைவுட் துண்டு வைத்துத் திருகினால் 564 கிடைக்கும். முன்பக்கம் மட்டும் ஒரு ரீப்பர் வைத்து ஒப்பேற்றலாம் என்பார்கள். திருகு பிடிக்கும் அளவு அகலமான கட்டை என்றால் அதுவும் தாங்கும். ஆனால் முழுத் துண்டு போட்டால் ஓவனைத் தள்ளும்போது நேராகப் போகும். சிறிதாகச் செய்திருந்தால்தான் கஷ்டம். உள் லைனரை உரித்தும் இடம் போதவில்லை என்றால் பக்கப் பலகையை மாற்றுவதுதான் வழி. இழைத்துக் கனத்தைக் குறைக்க யாரையும் விடாதீர்கள்.

உயரம் எவ்வளவு விட வேண்டும்?

585 முதல் 595 வரை. நான் 590 என்று எழுதிக் கொடுப்பேன். கூடுதலாக விட்டால் முகப்புக்கு மேலே கறுப்பாக ஒரு இடுக்கு தெரியும். 45 செ.மீ. உயரக் காம்பாக்ட் ஓவனுக்கு 450 முதல் 455. பில்ட்-இன் மைக்ரோவேவுக்கு 380-ஐ ஒட்டி வரும். மைக்ரோவேவில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் அதிகம், தாளைப் பார்க்காமல் செய்யவே வேண்டாம்.

ஆழம்? எங்கள் கீழ்ப் பெட்டிகள் எல்லாம் 22 அங்குலம்தான்.

22 அங்குலம் 559 மி.மீ. பொந்தின் ஆழம் குறைந்தது 550 வேண்டும், அதற்குப் பின்னால் காற்று ஏற 35 முதல் 50 மி.மீ. வேண்டும். ஆக 22 அங்குலப் பெட்டியில் ஓவன் உட்காரும், ஆனால் மூச்சு விடாது. டால் யூனிட்டின் பெட்டியை மட்டும் ஷட்டர் சேர்க்காமல் 600-க்குச் செய்யுங்கள். பக்கத்து மேடையும் பெரும்பாலும் இரண்டடி ஆழத்தில்தான் இருக்கும் என்பதால் வரிசை கெடாது.

பின்சுவரில் தண்ணீர்க் குழாய் வெளியே ஓடுகிறதா, தூண் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தரையில் மட்டும் பார்க்காமல் ஓவன் வரப்போகும் உயரத்தில் அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் பூச்சு வேலை மேலே போகப் போக ஒரு அங்குலம் வரைகூட முன்னால் வந்திருக்கும்.

அளவு சரியாக இருந்தும் ஓவன் சிக்கிக்கொள்கிறதே?

பொந்து சாய்சதுரமாக இருக்கும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்துவிட்டு, மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். 564-க்கு 590 பொந்தில் இரண்டு மூலைவிட்டமும் 816 மி.மீ. வர வேண்டும். ஒன்று 819, இன்னொன்று 813 என்றால் பெட்டி சாய்ந்திருக்கிறது. ஓவன் உட்காரும் தட்டில் ரசமட்டத்தை இடவலமாகவும் முன்பின்னாகவும் வைத்துப் பாருங்கள். தட்டு முன்னால் சாய்ந்திருந்தால் கேக் ஒரு பக்கம் உயர்ந்து வேகும். பலர் அதற்கு ஓவனைத் திட்டுகிறார்கள்.

தட்டு 18 மி.மீ. பிளைவுட் போதும். ஓவனின் எடை 30 முதல் 40 கிலோ, அதோடு உள்ளே வைக்கும் பாத்திரம். வெறும் ஆணி அடித்துத் தட்டை நிறுத்தாமல், இரு பக்கமும் அடியில் ரீப்பர் கொடுத்துத் திருகச் சொல்லுங்கள்.

காற்றோட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் எங்கே எதை வெட்ட வேண்டும்?

நம் ஆசாரிகளின் கைத்திறன் எதிராக வேலை செய்யும் இடம் இது. நல்ல ஆசாரி என்றால் பெட்டியை ஆறு பக்கமும் இடுக்கு இல்லாமல் மூடுவார், பின்பலகை போட்டு உள்ளே லைனர் ஒட்டிப் பளபளவென்று தருவார். துணி வைக்கும் அலமாரிக்கு அது சரி. ஓவனுக்கு வேண்டியது கீழிருந்து மேல்வரை அடைபடாத ஒரு புகைபோக்கி மாதிரியான பாதை.

பாதை இப்படிப் போகிறது. தரையை ஒட்டிய ஸ்கர்டிங்கில் (பெட்டியின் அடியை மூடும் பட்டையில்) குளிர்ந்த காற்று நுழைய வேண்டும். பல தாள்கள் 200 சதுர செ.மீ. திறப்பு கேட்கின்றன. 400 மி.மீ. நீளம், 50 மி.மீ. உயரத்தில் ஒரு வெட்டு போட்டால் அந்த அளவு வந்துவிடும். அதன் மேல் அலுமினியக் கிரில் வைக்கும்போது கம்பிகள் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுங்கள். நுழைந்த காற்று பெட்டியின் பின்புறம் வழியாக ஏற வேண்டும். ஆகவே அடித்தட்டு, ஓவன் உட்காரும் தட்டு, அதற்கு மேல் தட்டு எல்லாமே பின்னால் 50 மி.மீ. குறைத்து வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு தட்டை மட்டும் மறந்து சுவர்வரை விட்டால் பாதை அங்கேயே அடைத்துவிடும். ஓவன் பொந்துக்குப் பின்னால் பின்பலகையே வேண்டாம். கடைசியாக மேலே, பெட்டியின் உச்சிப் பலகையிலும் பின்பக்கம் ஒரு 50 மி.மீ. திறப்பு.

பின்பலகையை எடுத்தால் பெட்டி ஆடாதா என்று ஆசாரி கேட்பார், நியாயமான கேள்விதான். பொந்துக்கு மேலும் கீழும் 100 மி.மீ. அகலத்தில் பிளைவுட் பட்டையை, தட்டுகளுக்குப் பின்னால் விட்ட இடைவெளியை அடைக்காதபடி செங்குத்தாக நிறுத்தி, பெட்டியைச் சுவரோடு எல் பிராக்கெட் வைத்துப் பிடித்துவிட்டால் ஆடாது. சுவரோடு பிடிப்பது எப்படியும் கட்டாயம். ஓவன் கதவைத் திறந்து, கனமான டிரேயைப் பாதி இழுத்து நிறுத்தும்போது பாரம் முழுவதும் முன்னால் வரும்.

கீழே டிராயர் வைக்கிறீர்கள் என்றால் அதன் பெட்டி 500 மி.மீ. சேனலோடு (டிராயர் ஓடும் தண்டவாளத்தோடு) நிற்கட்டும், பின்னால் காற்றுக்கு இடம் தானாகவே கிடைத்துவிடும். டிராயருக்கும் ஓவனுக்கும் நடுவே தட்டு இல்லாமல் விடக் கூடாது.

இதெல்லாம் எதற்கு, ஓவனுக்குள்ளேதான் விசிறி இருக்கிறதே என்றால், அந்த விசிறி குளிர்ந்த காற்றை எங்கிருந்தாவது இழுக்க வேண்டும். இழுத்து ஓவனின் உடம்பைக் குளிரவைத்து, கதவுக்கும் பட்டன் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக முன்னால் ஊதும். ஓவனை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அது ஓடும். பழுது என்று பயந்து மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். பெட்டி மூடியிருந்தால் அதே சூடான காற்றே சுற்றிச் சுற்றி வரும். முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஓவனின் எலக்ட்ரானிக் போர்டு, அப்புறம் பக்கத்து மைக்கா.

எங்கள் டால் யூனிட் நேராக லாஃப்ட் கான்கிரீட்டில் போய் முட்டுகிறது. காற்று மேலே எங்கே போகும்?

தமிழ்நாட்டு வீடுகளில் இது சர்வசாதாரணம். ஏழடியில் கான்கிரீட் பரண், அதன் அடிவரை அலமாரி. இரண்டு வழி இருக்கிறது. உச்சியில் 50 மி.மீ. இடைவெளி விட்டு, அதை முன்பக்கம் கிரில்லால் மூடலாம். அல்லது மேல் ஷட்டரின் உயரத்தைக் குறைத்து, அதற்கு மேலே ஸ்கர்டிங் கிரில்லைப் போலவே ஒன்றை வைக்கலாம். மேல் தட்டில் மளிகைப் பொருள் வைப்பதாக இருந்தால், பின்னால் வரும் சூடான காற்றுக்கும் பொருளுக்கும் நடுவே 6 மி.மீ. பலகை ஒன்றை நிறுத்திப் பாதையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். எண்ணெய் டப்பாவையும் மருந்தையும் அங்கே வைக்க வேண்டாம்.

இத்தனை ஓட்டை போட்டால் கரப்பான் வராதா?

வரும். கிரில்லுக்குப் பின்னால் ஸ்டீல் வலை ஒட்டுங்கள். கொசு வலை மாதிரிப் பொடிக்கண் வலை வேண்டாம், மூன்று மாதத்தில் எண்ணெய்ப்பிசுக்கு ஏறி அடைத்துவிடும். கிரில்லைத் திருகு போடாமல், கழற்றிக் கழுவும்படி கிளிப்பில் வையுங்கள்.

ஓவனை எந்த உயரத்தில் வைப்பது? மேலே மைக்ரோவேவும் வர வேண்டும்.

வீட்டில் தினமும் யார் டிரேயை எடுக்கப்போகிறார் என்று கேட்டுவிட்டு அளவெடுங்கள். படங்களில் பார்க்கும் உயரம் பெரும்பாலும் ஆறடி ஐரோப்பியருக்கானது.

ஓவனின் நடுத்தட்டு, பொந்தின் அடியிலிருந்து ஏறக்குறைய 250 மி.மீ. மேலே வரும். அது நிற்பவரின் முழங்கை உயரத்தை ஒட்டியோ சற்றுக் கீழேயோ இருந்தால் சூடான டிரேயை இரண்டு கையாலும் நேராக இழுக்கலாம். ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கு முழங்கை 96 செ.மீ. அளவில் இருக்கும். ஆகவே பொந்தின் அடி தரையிலிருந்து 700 மி.மீ. என்றால் அவருக்குப் பொருத்தம். ஐந்தரை அடிக்காரர் என்றால் 780 வரை போகலாம்.

மைக்ரோவேவ் மேலே வரும்போது கணக்கு இறுகுகிறது. 700-ல் ஓவன் தொடங்கினால், 590 பொந்து, 18 தட்டு சேர்ந்து மைக்ரோவேவின் அடி 1308-க்கு வருகிறது. ஐந்தடி அம்மாவின் தோள் 125 செ.மீ. சாம்பார் கிண்ணத்தைத் தோளுக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து, ஒருநாள் முழங்கை வழியாக வழியும். இப்படிப்பட்ட வீட்டில் பொந்தின் அடியை 630-க்கு இறக்கிவிடுவேன். மைக்ரோவேவ் 1238-க்கு வரும். ஓவனுக்குச் சற்றுக் குனிய வேண்டும். வாரம் ஒருமுறை ஓட்டும் ஓவனுக்குக் குனிவது, தினம் நான்கு தடவை திறக்கும் மைக்ரோவேவுக்கு எக்குவதைவிட மேல். கீழே இரண்டு டிராயருக்குப் பதில் ஒரு ஆழமான டிராயர் கிடைக்கும், இட்லிக் குண்டான் வைக்க அதுதான் வசதி.

இன்னும் எளிய வழி, மைக்ரோவேவை டால் யூனிட்டுக்கு வெளியே, மேடை மட்டத்தில் வைத்துவிடுவது. வரிசையாக இரண்டு கறுப்புக் கண்ணாடி தெரிய வேண்டும் என்ற ஆசையை விட முடிந்தால்.

எந்தப் பலகை? பிவிசி கிச்சன் போட்டால் தண்ணீருக்குப் பயமில்லை என்கிறார்களே.

தண்ணீருக்குப் பயமில்லை, கரையானுக்கும் பயமில்லை. சூட்டுக்குப் பயப்பட வேண்டும். பெரும்பாலான கையேடுகள் ஓவன் இருக்கும் பெட்டி 90 டிகிரி செல்சியஸ் அளவைத் தாங்க வேண்டும் என்கின்றன. பக்கத்து ஷட்டர்களுக்கு 65, 70 டிகிரி. பிவிசி அந்தச் சூட்டில் இளகத் தொடங்கிவிடும். ஒரே நாளில் உருகி வழியாது. தட்டு நடுவில் தொங்கும், திருகு பிடி விடும், ஷட்டர் வளையும். மற்ற பெட்டிகள் பிவிசி என்றாலும் ஓவன் வரும் டால் யூனிட்டை மட்டும் பிளைவுட்டில் செய்யுங்கள். வெளி மைக்கா ஒரே நிறம் என்றால் வித்தியாசம் தெரியாது.

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிடபிள்யூபி (கொதிநீரும் தாங்கும் ரகம்) நல்லது, ஐ.எஸ். 303-இல் வரும், அதற்கு ஒரு படி கீழான பிடபிள்யூஆர் தரமும் இந்தப் பெட்டிக்குப் போதும். சூட்டில் பிரச்சினை செய்வது பலகையைவிட மேலே ஒட்டியதுதான். மெம்ப்ரேன் ஷட்டர் எனப்படும், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் பிவிசி தாளைச் சூட்டில் இழுத்து ஒட்டிய வகை, ஓவனுக்கு மேலும் கீழும் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் ஷட்டர் என்றால் சூடு பட்டால் விளிம்பு பிரியும். சாதாரண மைக்கா தாங்கும், ஒட்டுகிற பசை சூடு தாங்கும் ரகமாக இருந்தால். பொந்தின் முன்விளிம்பில் எட்ஜ் பேண்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டியிருந்தால், ஓவனின் சூட்டில் அது அதே வழியில் கழன்றும் வரும்.

பொந்துக்குள்ளே லைனர் ஒட்டாமல் வெறும் பிளைவுட்டாக விடலாமா என்றால் தாராளமாக. யாரும் பார்க்கப்போவதில்லை, 1.6 மி.மீ. இடமும் மிச்சம்.

எங்கள் கிச்சன் முழுக்கக் கடப்பா கல் தடுப்பு. அதில் ஓவன் வைக்க முடியுமா?

சூட்டுக்கும் எடைக்கும் கடப்பா கல்லைவிட நல்லது கிடையாது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும். தடுப்புகளுக்கு நடுவே அகலம் மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்காது, பத்து மி.மீ. வித்தியாசம் சாதாரணம். கல்லின் விளிம்பில் ஓவன் திருகைப் போட முடியாது. பின்பக்கம் சுவரோடு சிமென்ட் வைத்து அடைத்திருக்கும். இந்த மூன்றுக்கும் சேர்த்து, கல் தடுப்புக்குள் பிளைவுட்டில் பின்பக்கம் திறந்த ஒரு பெட்டியைச் செய்து செருகிவிடுவது நல்லது. அதற்குக் கல் தடுப்பின் உள்ளகலம் குறைந்தது 605 வேண்டும். படுக்கைக் கல்லின் பின்பகுதியில் காற்றுக்கான வெட்டை மார்பிள் கட்டர் வைத்துத்தான் போட வேண்டும். தூசி வீடு முழுக்கப் பறக்கும், பெயின்ட் அடிப்பதற்கு முன் முடித்துவிடுங்கள்.

பிளக் பாயிண்ட் ஓவனுக்குப் பின்னால்தானே வரும்?

எலக்ட்ரீஷியன் அங்கேதான் வைப்பார், சொல்லாவிட்டால். அங்கே வேண்டாம். பவர் பிளக்கின் தலை மட்டுமே 50 மி.மீ. துருத்தும், ஓவன் உள்ளே போகாது. போனாலும் அந்தச் சூட்டில் பிளக் இருக்கக் கூடாது. ஷாக் அடித்தால் அணைக்கக் கையும் எட்டாது.

பக்கத்துக் கீழ்ப் பெட்டிக்குள், அல்லது டால் யூனிட்டின் மேல் ஷட்டருக்குள் வையுங்கள். சுவிட்ச் மட்டும் வெளியே, மேடைக்கு மேல் சுவரில் இருந்தால் இன்னும் நல்லது. ஓவனின் வயர் பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும், அது பின்பக்க மூலையிலிருந்து தொடங்குகிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். பலகையில் 60 மி.மீ. ஹோல் சா போட்டால்தான் 16 ஆம்ப் பிளக் தலை நுழையும். 25 மி.மீ. துளை போட்டுவிட்டு, கடைசியில் பிளக்கை வெட்டி ஒட்டுப்போடுகிற கதை எல்லா ஊரிலும் நடக்கிறது. வெட்டினால் வாரன்டியும் போகலாம்.

வெளிநாட்டு மாடல் சிலவற்றில் உருண்டையான இரண்டு முனை ஐரோப்பியப் பிளக் இருக்கும். அதில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. நம் அடாப்டரில் செருகினால் ஓவன் ஓடும், எர்த் மட்டும் சேராது. உலோக உடம்புள்ள சாமானுக்கு அது விளையாட்டல்ல. கம்பெனி ஆள் வந்து சரியான பிளக் மாற்றித் தரட்டும்.

வயர் எவ்வளவு கனம்? இருக்கிற மிக்ஸி பாயிண்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்காதீர்கள். ஓவன் 3.5 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் நிமிடக் கணக்கில் தொடர்ந்து. டிபியிலிருந்து (வீட்டின் மின் விநியோகப் பெட்டியிலிருந்து) தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்சிபி (அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்), 16 ஆம்ப் சாக்கெட், உண்மையான எர்த், 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). எம்சிபி எத்தனை ஆம்ப் என்பதைக் கையேட்டில் பாருங்கள்; சாக்கெட் 16 ஆம்ப் என்பதை மறந்து 32 போடுகிறவர்கள் உண்டு, அது காவல் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே வேண்டாம். இன்வெர்ட்டரிலும் ஓடாது.

டால் யூனிட்டை எந்த இடத்தில் நிறுத்துவது?

கதவு கீழ்நோக்கித் திறந்தால் அரை மீட்டர் அளவு முன்னால் வரும். அதற்கு அப்பால் ஆள் நிற்க இடம் வேண்டும், ஆகவே எதிரே ஒரு மீட்டராவது காலியாக இருக்கட்டும். மூலையில் சுவரை ஒட்டி வைத்தால், பக்கத்து ஷட்டரின் கைப்பிடி ஓவன் கதவில் இடிக்கும், 50 மி.மீ. ஃபில்லர் பட்டை போட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு பக்கத்திலாவது மேடை இருப்பது அவசியம், சூடான டிரேயை ஏந்திக்கொண்டு நடக்கக் கூடாது. ஃப்ரிட்ஜை ஒட்டி வைக்க வேண்டி வந்தால் நடுவில் பலகையும் இடைவெளியும் கொடுங்கள்.

கேஸ் சிலிண்டரை ஓவனுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள், இடம் காலியாக இருக்கிறதாம். கூடவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். நீங்கள் காற்றுக்காக வெட்டிய ஸ்கர்டிங் பாதை அதை நேராக ஓவனின் பின்புறத்துக்கு ஏற்றிவிடும்.

பொருத்தும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருக்கும் டிரே, கம்பித் தட்டு, பேக்கிங் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கையேடு அனுமதித்தால் கதவையும் கீலோடு கழற்றிவிடலாம், பாரம் நன்றாகக் குறையும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

வயர்தான் சிரமம் தரும். பிளக்கின் கழுத்தில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, கயிற்றை முதலில் துளை வழியாகப் பக்கத்துப் பெட்டிக்கு விடுங்கள். ஒருவர் ஓவனை ஒவ்வொரு சாணாகத் தள்ளத் தள்ள, மற்றவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வர வேண்டும். இழுக்க மறந்தால் வயர் ஓவனுக்குப் பின்னால் சுருண்டு கொள்ளும். பிறகு ஓவன் கடைசி இரண்டு செ.மீ. போகாது, உள்ளே என்ன தடுக்கிறது என்றும் தெரியாது. அந்த நேரத்தில் தோள் கொடுத்துத் தள்ளினால் வயர் நசுங்கும். வெளியே இழுத்து மறுபடி தொடங்குங்கள்.

முகப்பு பலகை விளிம்பில் சமமாக உட்கார்ந்ததும் இருபுறமும் சமமாக இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்தால் சட்டத்தில் திருகுத் துளைகள் தெரியும். பிளைவுட்டில் 2.5 மி.மீ. ட்ரில்லால் வழித்துளை போட்டுவிட்டுத் திருகைக் கையால் முடுக்குங்கள். மெஷினில் முடுக்கினால் மைக்கா விளிம்பு சிதறும். திருகு போடாமல் "எடையிலேயே நிற்கும்" என்று விட்டுப் போகிறவரை நிறுத்திப் போடச் சொல்லுங்கள். இடுக்கைச் சிலிகான் வைத்து அடைக்கவும் விடாதீர்கள், முன்பக்கக் காற்று அங்கேயும் வேண்டும்.

ஓடிஜி (மேடை மேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) வைத்திருக்கிறோம். அதையே டால் யூனிட்டுக்குள் வைத்தால் பில்ட்-இன் மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. ஓடிஜியின் உடம்புச் சூடு நான்கு பக்கமும் வெளியேறும். உடம்பைக் குளிர்விக்கும் விசிறி அதில் கிடையாது. இழுக்கும் தட்டில் வைத்து, ஓட்டும்போது முழுதாக வெளியே இழுத்துவிட்டு, மேலே 30 செ.மீ.க்காவது ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

எல்லாம் முடிந்து ஆன் செய்தால் ஆர்சிசிபி விழுகிறது. புகை நாற்றமும் வருகிறது.

நாற்றம் இயல்பு. ஃபாக்டரி எண்ணெயும் இன்சுலேஷனும் முதல் சூட்டில் காய்கின்றன. வெறும் ஓவனைக் கையேட்டில் சொன்ன சூட்டில், பொதுவாக 200 டிகிரிக்கு மேல், ஒரு மணி நேரம் ஓட்டி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஆர்சிசிபி விழுவதற்கு ஒரு காரணம் ஈரம். சூடேற்றும் கம்பிக்குள் நிரப்பியிருக்கும் பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், மாதக்கணக்கில் குடோனில் கிடந்த ஓவன் முதல் நாள் இப்படிச் செய்வதுண்டு. அதைக் காரணம் காட்டி ஆர்சிசிபியைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுக்க எலக்ட்ரீஷியன் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். கம்பெனி டெக்னீஷியன் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதித்து, ஈரம்தான் என்றால் குறைந்த சூட்டில் கம்பியை உலர்த்தித் தருவார். அவர் வரும்வரை பிளக்கைக் கழற்றி வைத்திருங்கள். ஸ்கர்டிங் கிரில்லை மாட்டாமல் விட்டு, அவரிடமே காற்றுப் பாதையையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லலாம்.